சின்னமுத்து மாதிரித்தானே

அந்தப் பேப்பரை இன்னொருக்கா வாசியுங்கோ மிஸ், கேப்பம். பிள்ளைக்கு மாசியில வந்தது ஒண்டாம் நம்பர் ரோட்டாக் கிருமி, ஆவணியில வந்தது ஒன்பதாம் நம்பரோ? பஸ்ஸுக்கு நம்பர் போட்ட மாதிரியெல்லோ இருக்கு. இன்னும் எத்தினையோ வகை இருக்காமோ? நல்ல வேலைதான். வார்டில பிள்ளையின்ர பீயைப் போத்தலில அடைச்சு, ஐஸ் பெட்டியில கொண்டுபோய், மாசக்கணக்காப் பாத்து, கடைசியில ஒரு நம்பர். இதுக்கோ கெம்பஸ் போய்ப் படிச்சனீங்கள்?

நான் தாயில்லை. தேப்பன்ர அக்கா, புளோறன்ஸ். தாய் டோரின் வத்தளைக்குத் தன்ர ஆக்களிட்டப் போயிட்டாள். அவள் பிள்ளை தும்மினாலும் டொக்டர் எண்டு ஓடுற ஆள். மாசியில வயித்தால போகேக்க ஒரே அழுகை. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேத்தி வைச்சு, ஆஸ்பத்திரியில மூண்டு நாள் சேலைன் ஏத்தினது. அங்கதான் உங்கட ஆக்கள் முதல் போத்தல் எடுத்தவை. ரோட்டா எண்டு சொன்னவையாம். எனக்கு ரொட்டியெண்டு கேட்டுது.

ஓம், ஆவணியில திரும்பவும் துவங்கிட்டுது. காலமையில இருந்து பத்துத்தரம் போச்சு, குடிச்சதெல்லாம் சத்தியெடுத்தான். டோரின் பழையபடி ஒப்பாரி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒருக்கா வந்திட்டுதுதானே, சின்னமுத்து அம்மை மாதிரி, இனி எங்கயடி திரும்ப வாறது எண்டன். இது பல்லு முளைக்கிற வயித்தோட்டம், வெறுந்தேத்தண்ணி குடு, பின்னேரம் நிண்டிடும் எண்டன். இந்த வீட்டில நான் சொன்னாச் சொன்னதுதான்.

உங்களை ஏசேல்லை மிஸ். ஆனாக் கேக்கிறன், இத்தினை வகையையும் பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருந்த நீங்கள், திரும்பவும் வரும், கவனமா இருங்கோ எண்டு அந்த வார்டில ஒரு தாய்க்காவது சொன்னனீங்களோ? சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பனோ, அது வேற கதை.

என்ன, பிள்ளையைக் கூப்பிடவோ? மூண்டாவது போத்தலுக்கோ? அதைப் பைக்குள்ள வையுங்கோ. உங்கட லிஸ்டில அவன்ர பேரை ஒருத்தரும் வெட்டேல்லைப் போல. ரெண்டாவது போத்தல் எடுத்த அண்டைக்கே றேமண்ட் முடிஞ்சிட்டான். மாதம்பிட்டிச் சவக்காலையில கிடக்கிறான். ஒண்டரை வயசு.

பின்னேரம் கண் செருகினாப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினது. டோரின் மத்தியானமே அவனைத் தோளில போட்டுக்கொண்டு படியால இறங்கினவள் மிஸ். நான்தான் குறுக்க நிண்டு திருப்பி உள்ள அனுப்பினனான்.