ஆட்டுக்கு ஓலை வாசிப்பதில்லை

சாமி, எனக்குக் காது மந்தம். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நான் பேசினால் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவருக்குக் கேட்கும். போன தவக்காலத்தில் நான் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்தபோது, வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதனால் இந்த வருஷம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

பூசை தவறியது மூன்று. பொய் சொன்னது ஏழு. இனி வருவது பாவக் கணக்கில் சேருமா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு ஒரு செம்மறிக் கிடாயை இனாமாகக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

நீங்கள் ஊருக்குப் புதுசு. கல்லல் ரோட்டில் என் பட்டிக்கும் பெத்தன் பட்டிக்கும் நடுவில் ஒரு முள்வேலி மட்டும். ஒரே மழை, ஒரே புல், ஒரே கண்மாய்த் தண்ணீர். ஆனால் அவன் ஆடு இரண்டு குட்டி போடும். என் ஆடு ஒன்று போடும். சந்தையில் வாளிப்பான குட்டியைப் பார்த்தால், "பெத்தன் குட்டியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். என் குட்டியைப் பார்த்தும் அப்படித்தான் கேட்டார்கள்.

நான் அவனிடம் நேராகவே கேட்டேன்.

"மாயம் என்னண்ணே இருக்கு? கெடா சேக்குறதுக்கு முன்ன இருவது நாள் பொட்டைகளுக்குக் கொள்ளு அவிச்சு வைப்பேன். உடம்பு தேறுனா ரெண்டாப் பிடிக்கும். அம்புட்டுதேன்" என்றான்.

இவ்வளவு பெரிய விஷயத்தை வேலிக்கு மேலே சத்தம் போட்டு யாராவது சொல்வார்களா? அவன் ஆட்டு ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது, அதை மூடத்தான் கொள்ளுக் கதை என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

என் வீட்டுக்காரி ஞானபூரணி அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவுக பேரே பெத்தன். ரெண்டு ரெண்டாப் பெக்காம என்ன செய்யும்? நம்ம வீட்டுல எல்லாமே ஒத்தைதேன். நீங்களும்தான் ஒண்ணே ஒண்ணு பெத்தீக."

எனக்குக் கோபம் வரவில்லை. மறுசோறு மட்டும் வாங்கவில்லை.

சின்ன வயதில் நான் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு எழுத ஒத்தாசையாக இருந்தவன். அதே மாதிரி ஆடுகளுக்கும் ஒரு நோட்டுப் போட்டு, தாய், தகப்பன், பிறந்த தேதி என்று எழுதி வருகிறேன். என் பாட்டனுக்குத் தகப்பன் யாரென்று எனக்குத் தெரியாது. என் ஆடுகளுக்கு அவரவர் பாட்டனின் தகப்பன் தெரியும். குட்டைக்காது யார் வழி, கழுத்தில் தொங்கும் சதைமணி யார் வழி, எல்லாம் அதில் உண்டு. வெள்ளைக் கிடாய்க்கும் வெள்ளைப் பொட்டைக்கும் கறுப்புக் குட்டி பிறந்தால் ஊரில் தாயைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் நோட்டைப் பிரித்து, இது ரெண்டு பக்கத்துப் பாட்டி வழி என்று காட்டி அந்த ஆட்டின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அந்த நோட்டில் ஒரு கிடாய், தேவதூதன் மாதிரி இருந்ததால் பேர் சம்மனசு. பால் வெள்ளை. மேடான மூக்கு, இரண்டு சுற்றுச் சுற்றிய கொம்பு. பார்த்தவர்கள் நின்று பார்ப்பார்கள். அதை அதன் தங்கை முறைப் பொட்டையோடு சேர்த்தபோது இரண்டு வருஷத்தில் இரண்டு குட்டிகள் ஒரு மாதிரியாகப் பிறந்தன. வெயிலில் விட்டால் சுவரில் முட்டும். பொழுது சாய்ந்தால் துள்ளி ஓடும்.

கால்நடை டாக்டரம்மா ஆஷ்லின் வந்து பார்த்து, தரையில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கி எனக்கு விளக்கினார். ஒவ்வொரு குணத்துக்கும் ஆட்டுக்குள் இரண்டு விதை, தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. ஒன்று சொத்தையாக இருந்தால் வெளியே தெரியாது. இரண்டும் சொத்தையானால் குட்டிக்குப் பகல்குருடு.

"கெடாக்குள்ள ஒரு சொத்தை ஒளிஞ்சிருக்கு ஐயா. பாக்க ராஜா மாதிரி இருக்கும். இதைக் கறிக்கு விடுங்க, இனத்துக்கு விட்டுறாதீக" என்றார்.

குட்டிகளைத்தான் அன்றே கறிக்கு அனுப்பினேன்.

அந்த மாதம் நீலநாக்கு நோயில் பெத்தனின் கிடாய் செத்தது. வேறு கிடாய் பார்க்கச் சந்தைக்குக் கிளம்பியவனை வேலியோரம் நிறுத்தி, சம்மனசைப் பிடித்துக் கொடுத்தேன். அவன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சூசைமரியான் அண்ணே, இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றான்.

முதல் ஈற்றில் ஒரு குட்டியும் பழுதில்லை. எல்லாம் இரட்டை, எல்லாம் பால் வெள்ளை. பெத்தன் பேர் தேவகோட்டை வரைக்கும் போயிற்று. அந்த ஒரு வருஷம் எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஆனால் டாக்டரம்மா சொன்னது நினைவிருந்ததால் பொறுமையாக இருந்தேன்.

சம்மனசின் மகள்கள் பருவத்துக்கு வந்ததும் பெத்தன் கேட்டான்: "கெடாயை மாத்திரலாமாண்ணே? தகப்பனையே மக மேல விடுறது தப்புல்ல?"

"மனுசருக்குத்தான்டா கல்யாணத்துக்கு முன்ன ஓலை வாசிப்பாக. ஆட்டுக்கா வாசிக்கிறாக?" என்றேன். "இப்பேர்ப்பட்ட கெடா உனக்கு இன்னொண்ணு எங்குட்டுக் கெடைக்கும்?"

சிரித்துக்கொண்டே போனான். நீங்கள் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்கிறீர்கள். அப்போது பேசாமல் இருந்தால் பாவம்தான், தெரியும். இங்கே யாரும் வாசிக்கவில்லையே.

வைகாசியில் பெத்தன் மகனுக்குக் கல்யாணம். ஆடியில் அந்த மகள் ஆடுகள் ஈன்றன. ஒன்பது குட்டிகள் பகலில் சுவரில் முட்டின. பெத்தன் பெண்சாதி சோலையம்மாள் வேலிக்கு ஓடி வந்தாள்.

"எங்க பட்டியில இல்லாத கூத்தா இருக்கேண்ணே. யாரு கண்ணு பட்டுச்சு?"

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "வீட்டுல புதுசா யாரும் காலு வச்சிருக்காகளா, தாயி?"

சோலையம்மாள் மெதுவாகத் திரும்பித் தொட்டிப் பக்கம் பார்த்தாள். அங்கே புது மருமகள் அன்னக்கிளி ஒரு குட்டியின் கண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வயிற்றில் ஐந்து மாதம் கிடந்த குட்டிக்கு இரண்டு மாதத்துக்கு முன் வந்த பெண் எப்படிக் காரணமாவாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. என்னை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெண் கெட்டிக்காரி. பத்தே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "அத்தை, இதுகளுக்குக் கண்ணு இருக்கு. வெயிலுதான் ஆகல" என்று சொல்லி, பகலில் கொட்டகையில் அடைத்து, அந்தியில் அவிழ்த்து மேய்த்தாள். குட்டிகள் தேறின. அதுவே அவளுக்கு வினையாயிற்று. அந்தியில் அந்தக் குட்டிகள் அவள் பின்னாலேயே ஓடுவதைப் பார்த்தவர்கள், இவள் என்னவோ செய்து வைத்திருக்கிறாள் என்றார்கள். கார்த்திகையில் நாலு மாத வயிற்றோடு அரியக்குடிக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்வி. அதற்கும் இரண்டு வயது ஆகப்போகிறது. பெத்தன் மகன் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு குட்டிகளை அந்தியில் அவிழ்த்துவிட ஆளில்லை. முட்டி முட்டியே ஒவ்வொன்றாகப் போயின. அடுத்த ஈற்றிலும் அதே கதை. பெத்தனுக்கு மனசு விட்டுப்போயிற்று. பட்டியைக் கலைத்தான். இப்போது காரைக்குடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கிறான். அந்த நேரத்தில் அவனுக்குக் கைகொடுத்ததும் நான்தான். சம்மனசு வழி வராத பழைய பொட்டைகள் இருபத்திமூன்றை நானே வாங்கிக்கொண்டேன். எவை என்று நோட்டில் இருக்கிறதல்லவா.

போன மாதம் காரைக்குடி செக்காலையில் ஒரு ஜவுளிக்கடைக்குத் துண்டு வாங்கப் போனேன். எடுத்துப் போட்டது அன்னக்கிளி. இளைத்திருந்தாள்.

"நல்லா இருக்கீகளா பெரிய மாமா? அந்தக் குட்டிகளை அந்தியில அவுத்து விடுறாகளா?"

"விடுறாக தாயி" என்றேன்.

மேலே ஏழு என்று எழுதியதை எட்டு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

சாமி, நான் இதையெல்லாம் எழுதியது வேறொன்றுக்காக. பெத்தனிடம் வாங்கிய இருபத்திமூன்று பொட்டைகளும் இந்தத் தை மாதம் ஈன்றன. அதே ஆடுகள், அதே ரத்தம். இருபத்திமூன்று ஆட்டுக்கும் இருபத்திமூன்றே குட்டிகள். ஞானபூரணி பட்டி வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொள்ளெல்லாம் நான் வைக்கவில்லை. அந்தக் கதையை நம்ப நான் என்ன பச்சைப்பிள்ளையா?

பெத்தன் நம் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. இருந்தாலும் நீங்கள் கூப்பிட்டால் மரியாதைக்கு வருவான். கூப்பிட்டு விசாரியுங்கள். எதையோ ஒளித்துவைத்துக்கொண்டுதான் என்னிடம் அந்த ஆடுகளைத் தள்ளிவிட்டிருக்கிறான். ஒரு குறையைத் தெரிந்தே மறைத்து, பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கு ஆட்டைக் கொடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று நீங்களாவது அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள், சாமி.