மேஜருக்கு அஞ்சு வயசு

...பல்லுச் சேராதாம், கண் சேராதாம், மூட்டுச் சேராதாம்! அப்ப நாயிலை மிச்சம் என்ன தங்கச்சி? வால்! ஒரு வாலுக்கு ஆர் இன்சூரன்ஸ் எடுப்பினம், சொல்லுங்கோ பாப்பம்!

இருங்கோ, இருங்கோ, எங்கை எழும்பிறியள்? டொக்டர் இப்பதான் ஒரு மாட்டுக்காரரோடை கதைச்சுக்கொண்டிருக்கிறார். உங்கடை பூனைக்கூடையை இப்பிடி அரக்கி வையுங்கோ. மேஜர் ஒண்டும் செய்யான். பேர்தான் மேஜர். ஆரும் வெடி கொளுத்தினால் ஆள் கட்டிலுக்குக் கீழை. இப்ப பாருங்கோ, முகம் வீங்கி, ஒரு கண் பூட்டி, மூச்சும் இழுத்து இழுத்து... ஓம், குளவி. குளவி குத்தினது. வாசல்லை பேர் பதியிற பிள்ளையிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான்.

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்? ஆ, இன்சூரன்ஸ். எல்லாம் எங்கடை மகள் அபிகாயிலாலை வந்தது. வெளிநாட்டிலை, ஸ்காபரோவிலை இருக்கிறா. அவையின்ரை நாய் படியாலை விழுந்து கால் முறிஞ்சு, முழுச் செலவும் கொம்பனி குடுத்ததாம். அண்டையிலையிருந்து ஒரே ஃபோன். "அம்மா, மேஜருக்கு வயசு போகுது, கெதியா எடுங்கோ, நான் கட்டிறன். அம்மா, எடுத்தாச்சோ? அம்மா, எந்தக் கொம்பனி?" நான் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை கூட இவ்வளவு ஃபோன் வரேல்லை பாருங்கோ!

சரியெண்டு விசாரிச்சம். முதல் கொம்பனி, "என்ன சாதி நாய்?" எண்டு கேட்டுது. நாங்கள் நாயிட்டைச் சாதி கேக்கிறேல்லை எண்டன். "அப்பிடியில்லை அன்ரி, அல்சேஷனோ, லப்றடோரோ?" எங்கடை ஊர் கோப்பாய், அப்ப கோப்பாய் நாய் எண்டன். எங்கடை தோட்டத்துக் கிணத்தடியிலை குட்டியா நிண்டு குழறினவன், தாய் தேப்பன் ஆரெண்டு ஆர் கண்டது? ஊர் நாய்க்கு இல்லையாம். டக்கெண்டு ஃபோனை வைச்சிட்டன்.

இரண்டாவது, உந்த வால் கொம்பனி. வயசுபோன நாயை எடுப்பினமாம், ஆனால் வயசாலை வாற ஒரு வருத்தமும் சேராதாம். என்ரை மனுசன் ஏர்னெஸ்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசிச்சிட்டுச் சொல்லுறார், "வினி, மேஜருக்கு மேலை இடி விழுந்தால் மட்டும்தான் இதிலை காசு வரும்போலை" எண்டு.

மூண்டாவது கொம்பனி எண்டால் தங்கம். ஊர் நாயும் சேரும், பல்லும் சேரும், ஒப்பறேசனும் சேரும். ஒரேயொரு சிக்கல். எட்டு வயசுக்குள்ளை இருக்கவேணும். மேஜருக்குப் பன்ரெண்டு.

நான் என்ன செய்ய? அந்தக் கொம்பனியிலை நிவேதனா எண்டு ஒரு பிள்ளை, நல்ல தேன் மாதிரிக் கதைக்கிறா, "வயசென்ன அன்ரி?" எண்டு கேக்க, என்ரை வாய் தன்ரை பாட்டிலை "அஞ்சு" எண்டிட்டுது! இவருக்குக் கோபமெண்டால்... மெதடிஸ்ற் கோயில்லை பிரசங்கம் செய்யிற மனுசன் எல்லே. "ஒரு நாயின்ரை பேரிலை பொய் சொல்லுறியோ?" "பேரிலை இல்லையப்பா, நாய்க்காகச் சொல்லுறன்." அண்டைக்கு முழுக்க என்னோடை கதை இல்லை. எனக்கு அது ஒரு ஆறுதல்தான், அதை விடுங்கோ.

பிறகு நிவேதனா சொல்லுறா, நாயை வீடியோவிலை பாக்கவேணுமாம், ஓடிக் காட்டவேணுமாம்! எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. இவனுக்கு மூஞ்சி முழுக்க நரை தங்கச்சி. திருநீறு பூசின மாதிரி. வேதக்கார வீட்டு நாய் அப்பிடி நிண்டால் சனம் என்ன சொல்லும்! அதாலை நான்... இல்லை, ஒண்டுமில்லை.

இவரைப் பந்து எறியச் சொன்னன். வேண்டாவெறுப்பா எறிஞ்சார். மேஜர் பந்தைப் பாத்தான், இவரைப் பாத்தான், "தேவையெண்டால் நீரே போய் எடும்" எண்ட மாதிரித் திரும்பிப் படுத்திட்டான். நான் விடுவனோ? ஃபோனுக்குப் பின்னாலை நெத்தலிக் கருவாட்டைத் தூக்கிப் பிடிச்சன். அப்பிடியொரு பாய்ச்சல்! நிவேதனா கை தட்டிறா. "நல்ல சுறுசுறுப்பு அன்ரி, மூஞ்சியும் கறுகறு எண்டு இருக்கு!"

என்ன, ஏன் அப்பிடிப் பாக்கிறியள்?

...சரி, உங்களுக்குச் சொல்லுறதாலை என்ன வரப்போகுது. இவர் தலைக்குப் பூசிற டை கிடந்தது. கொஞ்சந்தான் தங்கச்சி, பழைய பல்லுத் தூரிகையாலை, மூஞ்சியிலை மட்டும். பேசாமல் முகத்தை நீட்டிக்கொண்டு நிண்டவன். காலமை எழும்பிப் பாத்தால் இந்தக் கோலம்.

டொக்டரிட்டை எப்பிடிச் சொல்லுறது? அவர் எழுதினதைக் கொம்பனி கேட்டால் வயசும் பிடிபடும், டையும் பிடிபடும். இவரை உள்ளை வாங்கோ எண்டன். மாட்டாராம், டொக்டர் கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டி வருமாம். வெளியிலை வேம்புக்குக் கீழை ஸ்கூட்டரிலை இருக்கிறார்.

எனக்குக் கொம்பனியும் மண்ணும் பெரிசில்லைத் தங்கச்சி. பிள்ளையள் வெளிநாடு போனாப்பிறகு அந்த வீட்டுக்குள்ளை நடந்து திரியிற சத்தமெண்டால் இவன்ரை நகச் சத்தம்தான். அதுவும் நிண்டிட்டால்... ஓம் டொக்டர்! இந்தா வாறம்!

வா மேஜர். மேசையிலை ஏறமாட்டான் டொக்டர், தூக்கவேணும். மெல்ல, மெல்ல. ஓம்... குளவி. எங்கை குத்தினதோ? அது... மூக்கடியிலைபோலை. என்ன, மயிரை வழிச்சுக் குத்தின இடம் தேடப்போறியளோ? பிளேடாலையோ? ஐயோ, அவன் நடுங்கிறான்... இஞ்சை பாருங்கோ, என்ரை கையை நக்கிறான்...

நில்லுங்கோ டொக்டர். வழியாதேங்கோ. குளவி இல்லை. டை. ஓம், மனுசர் தலைக்குப் பூசிற டை. நான்தான் நேற்றுப் பின்னேரம் பூசினனான். இளமாத் தெரியவேணுமெண்டு... எனக்கில்லை டொக்டர், நாய்க்கு! ஏசுங்கோ. ஏசத்தான் வேணும். முதல் கழுவவேணுமோ? நானே கழுவிறன், என்ரை கையெண்டால் பேசாமல் நிப்பான். அப்பிடித்தான் ராசா, கண்ணை மூடு... இனி ஊசியோ? போடுங்கோ, நான் அங்காலை பாக்கிறன். முடிஞ்சுதோ? வீக்கம் வத்துமோ? மூச்சுக்கு ஒண்டுமில்லையே? கர்த்தரே, தோத்திரம்!

இந்தா, வெளியிலை எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்த தங்கச்சி எங்கை? கூடையையும் காணேல்லை. பூனையைக் காட்டாமலே போயிட்டாவோ? என்ன சனமோ, வந்த நேரத்திலையிருந்து ஒரு சொல்லுக் கதைக்கேல்லை!

ஆ, ஃபோன். ஹலோ! ஓம் அபி, அம்மாதான். என்ன, கொம்பனி ஓமெண்டிட்டுதோ? நில், நில், ஒண்டும் கட்டிப்போடாதை. அவையிட்டைச் சொல்லு, அஞ்சு வயசு நாய் எங்களிட்டை இல்லையெண்டு. ஏனோ? இல்லாதபடியாத்தான்! வருத்தம் வந்தால் டொக்டரிட்டைக் கொண்டு வருவம், இண்டைக்கு வந்த மாதிரி. எங்கடை நாய்க்குப் பன்ரெண்டு வயசு. பன்ரெண்டடி, பன்ரெண்டு! கத்தாமல் பின்னை? வெளியிலை மரத்துக்குக் கீழை அப்பா இருக்கிறார், அவருக்கும் கேக்கட்டும்!