காவலுக்கு ஆம்பளைங்க இருந்தாங்க

— கத்தாதே குவிரின். மாடு பாலை எக்கிக்கும்.

— எக்கினா உனக்கு ஒரு வாளிப் பால் போகும். இங்கே ஊர் மானமே போயிடுச்சு. நாளன்னைக்கு மே ஒண்ணு. பாண்டு வரும், பாதிரியார் வருவார், தேவாலயத்துக்கு முன்னாடி எதை நடுறது? உன் விளக்குமாத்தையா?

— நடேன். அதையாவது எவனும் திருட மாட்டான்.

— நக்கல் வேண்டாம் அக்கா. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பண்டிகைக்கு நடுற மே மரம் இருந்தது உன் கொட்டகையில. ராத்திரி வின்டிங் ஊர்க்காரன் கூட்டமா வந்து தோள்ல தூக்கிட்டுப் போயிருக்கான். உனக்கு ஒரு சத்தமும் கேக்கலையா?

— காவலுக்கு ஆம்பளைங்க இருந்தாங்களே. அவங்களைப் போய்க் கேளு.

— கேட்டாச்சு. பீப்பாயைக் காலி பண்ணிட்டு வைக்கோல்ல உருண்டு கிடந்திருக்கானுங்க. ரூபர்ட் இன்னும் எழுந்திரிக்கல.

— பீப்பாயை வாங்கிக் கொடுத்தது யாரு? சங்கத் தலைவர் நீதானே?

— பீர் இல்லாம எந்த ஊர்ல எவன் காவலுக்கு உக்காருவான்? வின்டிங்காரன் விடிஞ்சதும் போன் போட்டுச் சிரிக்கிறான். மரம் வேணும்னா அவங்க ஊருக்கே நாம பீர் ஊத்தி, பன்னிக்கறி போடணுமாம். நம்ம பாண்டு வாசிச்சுக்கிட்டே வந்து மரத்தைக் கேட்டு வாங்கிக்கணுமாம்.

— அதுதானே முறை. போன வருஷம் அவங்க மரத்தை நீங்க தூக்கினப்போ, அவங்க போட்ட கறியை நீ தின்னியே. வாய் துடைக்கக்கூட நேரமில்லாம.

— அது வேற.

— எது வேற? சரிதான் போ. இந்த மரம் எங்கே வளர்ந்தது?

— உன் காட்டுல. அதுக்குத்தான் கூட்டத்துல எழுந்து நின்னு நன்றி சொன்னேனே.

— பட்டை உரிச்சது யாரு? வெள்ளையும் நீலமும் பூசினது யாரு?

— நீயும்தான் கூட இருந்தே.

— நீயும்தானா? நகத்துல இன்னும் நீலம் போகல, பாரு. உன் ஆளுங்க வந்து, நல்லாருக்குன்னு சொல்லி, என் ரொட்டியைத் தின்னுட்டுப் போனானுங்க.

— இதுக்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம்?

— நானும் ஒரு ராத்திரி காவல் இருக்கேன்னு கூட்டத்துல கேட்டேன். நீ என்ன சொன்னே?

— அதை இப்போ எதுக்குக் கிளறுறே?

— சொல்லு.

— முறையைச் சொன்னேன். ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள காவல்காரன் மரத்துல கை வெச்சுட்டா, திருட வந்தவன் கீழே போட்டுட்டுப் போயிடணும். பொம்பளை கை வெச்சா அது செல்லாது. நானா சட்டம் போட்டேன்? தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்.

— அதோட நிறுத்தினியா? அக்கா கை மாட்டு மடியிலேயே இருக்கட்டும், அதுக்குத்தான் அது பழகியிருக்குன்னே. கூடமே சிரிச்சுது. ரூபர்ட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான்.

— விளையாட்டுக்குச் சொன்னது அக்கா.

— அந்தச் சிரிப்பு நேத்து ராத்திரியும் காதுல கேட்டுச்சு. எங்கே தூக்கம் வரும்?

— அப்போ நீ முழிச்சிருந்தே. பார்த்துக்கிட்டு நின்னிருக்கே. பாவி, அவனுங்களை ஒரு உலுக்கு உலுக்கி எழுப்பியிருக்கக் கூடாதா?

— எழுப்பினேன். ரூபர்ட்டை உதைச்சுக்கூடப் பார்த்தேன். அம்மான்னு முனகிட்டுப் புரண்டு படுத்தான்.

— அப்புறம்?

— மரத்துப் பின்னாலேயே ஓடினேன். கொட்டகை வாசல்லேயே எட்டிப் பிடிச்சுக் கை வெச்சேன். இந்த மரம் இங்கேதான் இருக்கும்னு சொன்னேன், காவல்ல நீங்க சொல்ற மாதிரியே.

— சிரிச்சிருப்பானுங்களே. இதைத்தானே அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், உன் கையை எவன் மதிப்பான்னு?

— ஒருத்தனும் சிரிக்கல. அவங்க தலைவன் தொப்பியைக் கழட்டினான். கீழே வைங்கடா, காவல் கை வெச்சாச்சுன்னான். வெச்சுட்டுத் திரும்பி நடந்தானுங்க.

— நடந்தானுங்களா? அப்புறம் மரம் எப்படிப் போச்சு?

— நான்தான் திருப்பிக் கூப்பிட்டேன். எங்க ஊர்ல இந்தக் கை செல்லாது, தூக்கிட்டுப் போங்கன்னேன்.