சபுராளி ஓட்டு

ஒக்காருங்க டீச்சர். நாற்காலி கொஞ்சம் ஆடும், செவுத்தோட சாச்சுப் போட்டுக்கங்க. ஓட்டர் லிஸ்ட் சரிபாக்கத்தானே வந்துருக்கீங்க, எதுத்த வூட்டுல நீங்க கேட்டதெல்லாம் இங்க காதுல விழுந்துச்சு. ஆமா, ஹமீதா பானு நான்தான். வூட்டுக்காரர் பேரு ஜாஃபர் சாதிக். அவரா? இருங்க, அவசரப்படாதீங்க. டீ கொதிக்குது, குடிச்சுக்கிட்டே எழுதலாம்.

எங்க ஊரு ஓட்டு யாருக்கு விழும்னா கேக்குறீங்க? திருத்துறைப்பூண்டியிலேருந்து வர்றீங்க, இது தெரியாதா! கீழத்தெரு பூரா வெவசாயம். மேட்டூர்த் தண்ணி நேரத்துக்கு வந்துச்சுன்னா ஆளுங்கட்சி, வரலன்னா எதிர்க்கட்சி. கண்ணுசாமின்னு ஒருத்தர், மூணு ஏக்கர் குத்தகை. இந்தத் தேர்தல்ல ஒரு கட்சியத் தலைமுழுகுவாரு, அடுத்ததுல அதே கட்சிக்குத் தோரணம் கட்டுவாரு. என்னண்ணே இதுன்னா, இப்பத் திருந்திட்டாங்க தங்கச்சிம்பாரு.

எங்க பள்ளிவாசல் தெரு அப்படியில்ல. கொள்கை! அத்தா குடைக் கட்சின்னா புள்ளையும் குடை, பேரனும் குடை. எங்க மையத்தை அடக்குற கபுருஸ்தானுக்கு ஒரு சுத்துச்சுவரு கேட்டு இருவது வருஷம் ஆச்சு. சுவரு வரல, தலைவர்கிட்டேருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. பக்கத்து வூட்டு அப்துல் ஜலீல் பாய் அதக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காரு. ஆடு உள்ள போனா லெட்டரக் காட்டி வெரட்டுவாரு போல.

ஆனா கொள்கையுள்ள ஆம்பிளைங்க ஊர்ல எங்க இருக்காங்க? சவூதி, துபாய், குவைத்து. இந்தத் தெருவுல இருநூத்துச் சொச்சம் ஆம்பிளை ஓட்டு. நடமாடறது அம்பது தேறாது, அதுல பாதி கம்பு ஊனி நடக்கறவங்க. ஓட்டு மட்டும் நூத்துக்குத் தொண்ணூறு விழுந்துரும். எப்படின்னா, மொத நாளு ரைஸ்மில் பின்னாடி குடைக்காரனும் வண்டிக் கட்சிக்காரனும் ஒரே பெஞ்சில ஒக்காந்து சபுராளி ஓட்டப் பங்கு பிரிப்பாங்க. சபுராளின்னா வெளிநாடு போனவங்க டீச்சர், நாங்க அப்படித்தான் சொல்லுவோம். மேடையில ஒருத்தன ஒருத்தன் கிழிப்பான். அந்த பெஞ்சில மட்டும், நீங்க எடுத்துக்கங்க, இல்ல நீங்க எடுத்துக்கங்கன்னு ஒரே மரியாதை.

சிரிங்க, பரவால்ல. அப்பறம் எனக்கு நடந்ததயும் கேளுங்க.

எம் பொண்ணு அஃப்ரீனோட அத்தா தொண்ணூத்தி மூணுல சவூதி போனாரு. ட்ரைவர் வேலை. மாசம் ரெண்டு லெட்டர் வரும். தொண்ணூத்தஞ்சு பொங்கல் சமயத்துல ஒண்ணு வந்துச்சு, அதோட நின்னு போச்சு. எங்கெங்கயோ எழுதிப் போட்டேன், அவர அனுப்பி வச்ச விசா ஏஜெண்டு வூட்டு வாசல்ல போயி நின்னேன். ஒரு தகவலும் இல்ல. மறுவருஷம் மே மாசம் தேர்தல் வந்துச்சு. பதினோரு மணிக்குப் போறேன். ஆபீசர் லிஸ்ட்டுல என் பேரத் தேடிப் படிச்சாரு. எனக்கு ஒரு ஆசை, எங்க வூட்டுக்காரர் பேரும் இருக்கா சார்னு கேட்டேன். அவரு தலையத் தூக்காம, ஜாஃபர் சாதிக்கா, காலையில ஏழரைக்கே வந்து போட்டுட்டுப் போயிட்டாரேம்மான்னாரு.

எனக்கு ஓட்டாவது ஒண்ணாவது. வெளிய ஓடுனேன். ஆம்பிளைங்க வரிசையில ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல கேட்டேன், டீக்கடையில கேட்டேன். ஏழரைக்கு வந்த மனுசன் வூட்டுக்கு வராம எங்க சுத்துறாருன்னு கோவம் வேற. சரி, வரட்டும்னு கொடுவா மீன் வாங்கி ஆணம் காச்சுனேன். அஃப்ரீனுக்கு அப்ப பதினோரு வயசு. தலை பின்னி, பெருநாள் சட்டையப் போட்டு வாசப்படியில ஒக்கார வச்சேன். அத்தா வர்றாங்க, எங்கயும் போயிராதேன்னு சொன்னேன்.

சாயங்காலம் செல்லதுரை வந்தான், குடைக் கட்சி பூத் ஏஜெண்டு. நான் ஓடுனதப் பாத்துருக்கான். அக்கா, அது நாங்க போட்டது, மனசுல வச்சுக்காதீங்க, அண்ணன் இருந்தா நமக்குத்தானே போட்டுருப்பாருன்னான். அவரு கட்சியே வேறடான்னேன். அப்படியான்னு ஆச்சரியமாக் கேட்டுட்டு, புள்ள தலையத் தடவிக் குடுத்துட்டுப் போனான்.

அவ அந்தப் படிய விட்டு எந்திரிக்க மாட்டேன்னுட்டா. தூக்கிக்கிட்டுத்தான் உள்ள போனேன்.

அதுக்கப்பறம் மூணு தேர்தல். ஒண்ணுலயும் அவரு ஓட்டுப் போடாம இருந்ததில்ல. எனக்குத்தான் ஒரு வரி எழுதல. லிஸ்ட் எடுக்க உங்கள மாதிரி யாராச்சும் வருவாங்க. வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லுவேன். வயசக் கூட்டி எழுதிக்கிட்டுப் போவாங்க. இப்ப நாப்பத்தி நாலுன்னு இருக்கும் பாருங்க. இருக்கா?

அடிச்சிடுங்க டீச்சர். நெசமாத்தான் சொல்றேன், அந்தப் பேர அடிச்சிடுங்க.

போன மாசம் மன்னார்குடிக்காரர் ஒருத்தர் தேடிக்கிட்டு வந்தாரு. அங்க இவரோட ஒரே ரூம்ல தங்குனவராம், ஜெயில்ல கெடந்துட்டு இப்பத்தான் ஊரு திரும்பியிருக்காரு. மொதலாளி கொடுமை தாங்காம இவரு ஓடிப்போயி, பேப்பர் இல்லாம வேற எடத்துல லாரி ஓட்டியிருக்காரு. தொண்ணூத்தஞ்சு பிப்ரவரியில லாரி கவுந்து மௌத்தாயிட்டாரு. அங்கயே அடக்கிட்டாங்களாம். நான் மீன் வாங்குனப்பவே அவரு போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

சர்டிபிகேட்டெல்லாம் கெடையாது, நான் சொல்றதத்தான் எழுதிக்கணும். சீக்கிரம் எழுதுங்க, அஞ்சு மணி பஸ்ல அஃப்ரீன் வந்துருவா. அவளுக்கு இன்னும் தெரியாது. ஒரு மாசமா வாய் வரல எனக்கு. உங்ககிட்டதான் மொதமொதல்ல சொல்றேன்.