இசக்கிசெல்வியின் ஃபோல்டருக்கு மட்டும்

எங்கள் சர்வர் அறையில் ஏசி நன்றாக இருக்கும், சார். தூத்துக்குடி வெயிலுக்கு ஆபீசில் பாதிப் பேர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். டாக்குமெண்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இசக்கிசெல்வி மட்டும் எட்டிப் பார்த்ததே இல்லை. வேலை கிடக்கும்போது சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அது எனக்கு வருத்தமாக இருந்தது. விசாரணைக்கென்று ஹெட் ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்கள், உங்களிடம் மறைப்பானேன், அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எங்கள் ஏஜென்சி அனுப்பும் ஏற்றுமதிச் சரக்கின் காகிதங்கள் எல்லாம் ஸ்டோரேஜ் சர்வரில்தான் இருக்கின்றன. அதை வேகமாக ஓட வைப்பது என் வேலை. ஒருமுறை திறந்த ஃபைலை சர்வர் மெமரியில் வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் டிஸ்க் வரை போகாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். கடைக்கார அண்ணாச்சி அதிகம் விற்கிற சோப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்குவதுபோலத்தான். எந்த ஃபோல்டருக்கு இந்தச் சலுகை வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நான் முடிவு செய்யலாம்.

இசக்கிசெல்வியின் ஃபோல்டருக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். அதைப் பழைய டிஸ்க்குகள் பக்கம் தள்ளிவிட்டேன். அவள் எதைச் சேமித்தாலும் அது டிஸ்க்கில் பதிந்து முடிந்த பிறகே அடுத்த வேலை நடக்கும்படியும் மாற்றினேன். கரண்ட் போனாலும் அவள் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. ஆபீசிலேயே பத்திரமாக இருந்தவை அவளுடைய ஃபைல்கள்தான். இதை யாரும் பாராட்டவில்லை.

அன்று மத்தியானமே வந்துவிட்டாள்.

"அண்ணே, ஃபைலு சுத்திக்கிட்டே கெடக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இந்தப் பக்கத்தில் அது வெறும் மரியாதை. பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் நெற்றியைச் சுருக்கி, கீபோர்டில் கொஞ்ச நேரம் தட்டி, எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். ஃபைல் பறந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சார். சாயங்காலம் மறுபடி வேகத்தைக் குறைத்தேன். அவளும் மறுநாள் மறுபடி வந்தாள்.

அப்படி வந்து நின்ற நேரங்களில்தான் தன் கதையைச் சொன்னாள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆகிவிட்டால் முத்தையாபுரத்தில் ஒரு வீடு பார்த்து, சித்தி வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அம்மாவைக் கூட்டி வந்துவிடுவாளாம். கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று மறுநாள் வேகத்தை இன்னும் குறைத்தேன்.

அந்த இறால் கண்டெய்னர் விஷயத்தில் என் தவறு ஒன்று உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போய்விட்டேன். சாயங்காலம் அவள் வருவாளே என்று ஷேவிங்கும் செய்யச் சொன்னேன். போனைச் சைலண்டில் போட்டிருந்தேன். அதற்குள் அவள் காகிதம் கொடுக்க வேண்டிய நேரம் தாண்டி, கப்பல் கண்டெய்னரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

மேனேஜர் பாண்டித்துரை சத்தம் போடவில்லை. எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டார். "மத்தவங்களுக்கெல்லாம் ஓடுதுல்லா. ஒனக்கு மட்டும் ஓடாமப் போக, நீ சிஸ்டத்துக்கு என்ன பாவம் பண்ணுன?"

அவள் என்னைக் கைகாட்டினாள். பரிசோதித்துச் சொல்லும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். பரிசோதனைக்கு முன் எல்லாவற்றையும் சரியாக வைப்பது என் வழக்கம். வைத்தேன். சர்வரில் குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் இல்லைதான். நான் பொய் எழுதுகிறவன் அல்ல.

அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாக, எதுவும் சரிசெய்யக் கேட்காமல், சர்வர் அறைக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க, நான் பொய் சொல்லலன்னு. எங்கம்மாட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்து, உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

அவள் இடத்துக்கு மாரிராஜ் வந்தான். அவனுடைய ஃபோல்டர் பறக்கிறது. அவன் இந்தப் பக்கம் வரத் தேவையே இல்லை, நானும் கூப்பிடுவதில்லை. நான் கொடுத்த கட்டளைகள் எல்லாம் சர்வரில் அப்படியே பதிந்திருக்கின்றன. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஆமாம், சார், எல்லாம் நான் செய்ததுதான். வேலையை விட்டு நீக்குவதாக இருந்தால் நீக்குங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அனுபவச் சான்றிதழை மட்டும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். இசக்கிசெல்விக்குத் துறைமுகத்துப் பக்கம் வேறொரு ஏஜென்சியில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், எனக்கு இன்டர்வியூவும் முடிந்துவிட்டது. புது இடம், அவளுக்கு யாரையும் தெரியாது. பாவம், உதவிக்கு ஒருத்தன் வேண்டாமா?