மா கலந்த கை

அப்ப மாவைக் கரண்டியால் கலக்கக் கூடாது, வசந்தினி. கையால்தான் கலக்க வேண்டும். கைச்சூட்டில்தான் மா பொங்கும். உன்னைப் போல ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் அதற்கு வேறு காரணம் சொல்வீர்கள். அதைச் சொல்லத்தானே வந்திருக்கிறாய். என்னுடைய மனுசன் உன்னிடம் கொடுத்த பியர்ப் போத்தலைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அவர் பரமட்டாவுக்குப் போன நேரமாகப் பார்த்து வந்து, "அன்ரி, இது தோசை மாவிலை இருக்கிற கிருமியெல்லோ, பியருக்குள்ளை எப்பிடி வந்தது?" என்று மெதுவாகக் கேட்கிறாய். கெட்டிக்காரப் பிள்ளை. தேத்தண்ணியைக் குடி, சொல்கிறேன்.

உன் விக்னராஜா அங்கிள் ரயில்வேயில் சிக்னல் பொறியியலாளராக இருந்தவர். வீட்டில் ஏதாவது பிழைத்தால், அது தன்னுடைய பிழை இல்லை என்று நிரூபித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஓய்வு பெற்ற மாதம் பியர் காய்ச்சுகிற அந்த மெசினை வாங்கினார். பார்த்திருப்பாய், ஒரு ஆள் உயரத்தில் பாதி, எவர்சில்வர் பானை.

"மலர், இதுக்குள்ளை எல்லாமே இருக்கு. தானியத்தை ஊற வைக்கிறது, வடிக்கிறது, கொதிக்க வைக்கிறது, எல்லாம் அதுவே செய்யும். போனிலை சொன்னாக் காணும்."

"அப்ப நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

"மேற்பார்வை."

இந்த வீட்டிலும் இவ்வளவு காலம் அந்த வேலைதான் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

முதல் பானை நன்றாக வந்தது. அதன் பிறகு அவர் கராஜிலேயே குடியிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "வாறன்" என்று குரல் மட்டும் வரும்.

இரண்டாவது பானை என் கைப்பிசகு. குற்றம் என்று சொல்ல முடியாது. ஊரில் அப்ப மாவுக்குக் கள் விடுவோம். இந்த வென்ட்வேர்த்வில்லில் கள்ளுக்கு எங்கே போவது? பியர் புளித்துக்கொண்டிருந்த வாளியின் மூடியைத் திறந்து, மாவுக்குள் கிடந்த கரண்டியாலேயே கொஞ்சம் நுரை எடுத்தேன். அப்பம் ஓரமெல்லாம் பூப்போல வந்தது. பியர் புளிங்காடி ஆகிவிட்டது.

இருபத்துமூன்று லீற்றரையும் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிட்டு அவர் குசினிக்குள் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மலர், நான் எங்கை பிழை விட்டனான்? ஒருக்கா யோசிச்சுச் சொல்லுமன்."

முப்பத்துநான்கு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. உப்பு எங்கே, திறப்பு எங்கே என்பதெல்லாம் கேள்வி இல்லை, பிள்ளை. "தண்ணியைச் சோதிச்சனீங்களோ?" என்றேன், ஏதோ தெரிந்தவள்போல. கொப்பியில் எழுதினார். இரண்டு மணித்தியாலம் இருந்தார். வெங்காயம்கூட உரித்துத் தந்தார்.

மூன்றாவது பானைக்கு நானே ஒரு தேக்கரண்டி மா போட்டேன்.

நான்காவதற்கு அவர் புதிதாகப் படித்துவிட்டு வந்து விளக்கினார். "பியருக்குப் போடுற கசப்புப் பூவைக் கூடப் போட்டாக் கிருமி வளராது, மலர். இந்தமுறை இரண்டு மடங்கு போடுறன்." விளக்கியது உதவியாக இருந்தது. மூன்று கரண்டி போட்டேன்.

குழாய் மாற்றினார், பம்ப் மாற்றினார், கிருமிநாசினியில் கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. நான்தான் நல்லெண்ணெய் பூசிவிட்டேன். "இஞ்சாருங்கோ, நகத்துக்குள்ளை ஊத்தை கிடக்கோ பாத்தனீங்களோ?" என்று கேட்டால், இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிக்கொண்டு, "ஓம், அதுவாத்தான் இருக்கும்" என்பார். கலியாணம் கட்டிய புதிதில்கூட அந்தக் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. அவருடைய ஈரலுக்கு நல்லது என்றுதான் செய்தேன். டொக்டரும் பியரைக் குறைக்கத்தான் சொன்னவர்.

அங்கிளிடம் சொல்லிவிடச் சொல்கிறாய். சொல்லலாம்தான். ஆனால் இவ்வளவு நாளும் தன் பிழை என்று நம்பி மனுசன் எவ்வளவு அன்பாகிவிட்டார், பார். பிழை தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் உடைந்துபோவார்.

இப்போது ஐந்தாவது பானை. அது எங்கள் மகள் ராகவியின் கலியாண வரவேற்புக்கு. நாற்பத்துநான்கு போத்தல், ஒவ்வொன்றிலும் பெண் மாப்பிள்ளை பெயர் போட்ட லேபல். அதை அச்சடிக்கத்தான் இன்றைக்குப் போயிருக்கிறார். "இதும் பிழைச்சா, சனத்தின்ரை முகத்திலை முழிக்கேலாது, மலர்" என்றார். அதற்கு ஒன்றும் செய்வதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். நானும் தாய்தானே. கலியாணம் முடிய அவள் புருசன் வீட்டுக்கு, டார்னெய்ட்டுக்குப் போய்விடுவாள். பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர். பியர் நன்றாக வந்தால் ஒருவர் கராஜில்.

நேற்றுப் பின்னேரம் கராஜிலிருந்து கூப்பிட்டார். கையுறை, தலைக்குத் தொப்பி, முகமூடி, சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்போல நின்றார்.

"மலர், என்ரை கையிலைதான் ஏதோ தோசம். ஈஸ்டை இந்தமுறை உம்மட கையாலை போடும்."

"நானோ? நீங்கள் ஆரையும் கிட்ட விடமாட்டியளே."

"உம்மை நம்பாமல் வேறை ஆரை நம்பிறது?"

ஈஸ்ட் பைக்கற்றை வெட்டி என் உள்ளங்கையில் கொட்டினார். நான் விரல்களால் எடுத்து, வாளி முழுக்கத் தூவினேன். கரண்டியைத் தொடவே இல்லை. மாவில் ஒரு சொட்டும் எடுத்துப் போகவில்லை. இதை நீ நம்பவேண்டும்.

அவர் கூப்பிட்டபோது நான் அப்ப மா கலந்துகொண்டிருந்தேன். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு போனேன். கழுவிவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை, வசந்தினி. சொல்லியிருந்தால் கழுவியிருப்பேன்.