ஒருத்தியாவது பிழைக்க வேண்டும்

மாம்பழம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தின்றால் உதட்டோரம் கொப்புளித்துவிடும். ஆனாலும் மாம்பழக் காலத்தில் முதலமடை மாந்தோப்புக்காரர்கள் கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு என் அறையைத் தாண்டி ஏசுரத்தினத்தின் அறைக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஏசுரத்தினம் பிரசவ டாக்டர். பிள்ளை பிறப்பது அவருடைய சாமர்த்தியமா என்ன? அவர் இல்லாவிட்டாலும் பிறக்கத்தான் போகிறது. ஏன் செய்தீர்கள் என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அதற்குப் பதில் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நான் கல்பாத்திக்காரன். மதராஸில் புற்றுநோய் வைத்தியம் படித்தேன். இனி வரும் காலம் இந்தத் துறையின் காலம் என்று எங்கள் புரொபசர் அடித்துச் சொன்னார். அதை நம்பி எழுபத்திரண்டில் பாலக்காட்டுக்கு, இந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டிரஸ்ட்காரர்கள் புற்றைக் கருக்குகிற ரேடியம் வாங்கித் தந்தார்கள், தனியாக ஒரு வார்டும் ஒதுக்கினார்கள். ஊர் அதற்குச் சாவு வார்டு என்று பெயர் வைத்தது. ஊரைக் குறை சொல்ல முடியாது. கோயில், மந்திரம், நாட்டு மருந்து எல்லாம் கைவிட்ட பிறகுதான் என்னிடம் வந்தார்கள். மறையூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து சுருளியம்மாளைத் தூக்கி வந்தபோது கர்ப்பப்பைப் புற்று முற்றி அழுகி, வார்டுக்கே நாற்றம் தாங்கவில்லை. "எல்லாம் பாத்தாச்சு சார், இனி உங்க பாடு" என்றான் அவள் புருஷன் குருசாமி. அந்த வாரமே அவள் செத்துப்போனாள். "அங்ஙன போனா பொணமாத்தான் வரணும்" என்று அவன் எஸ்டேட் முழுக்கச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வருஷக் கடைசியில் டிரஸ்ட்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, வார்டை மூடிவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். பிரசவத்துக்கு இடம் போதவில்லையாம். நான் வேண்டுமானால் காய்ச்சல், பேதி பார்க்கலாமாம். அத்தனை படிப்பும் பேதிக்கு.

நான் நிதானமாக யோசித்தேன். முற்றிய பிறகு வந்தால் யாராலும் காப்பாற்ற முடியாது. ஆரம்பத்திலேயே வந்தால் முடியும். ஆனால் ஒருத்தியாவது பிழைத்து நடந்து போவதைப் பார்த்தால்தானே ஆரம்பத்தில் வருவார்கள்? இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்போதுதான் மருதாத்தாள் வந்தாள். முதலமடைக்காரி, மாந்தோப்புக்காரர் குப்பண்ணனின் மனைவி. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தையில்லை. இடையிடையே உதிரம் போகிறது. எதற்கும் நான் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று ஏசுரத்தினம் அனுப்பியிருந்தார். கர்ப்பப்பை வாயில் சின்னப் புண் இருந்தது. "இது ஆறிட்டாக் கொழந்தை நிக்குமுங்களா?" என்று மேஜை மேல் படுத்துக்கொண்டே கேட்டாள். துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் நானே பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மருந்து தடவினால் ஆறிவிடுகிற புண்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புற்றுநோயைப் பற்றி வியாதிக்காரரிடம் யாரும் பேச மாட்டார்கள். வீட்டு ஆம்பிளை டாக்டரைத் தனியே கூட்டிப் போய்க் கேட்பார். அவருக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும். குப்பண்ணனும் என்னை எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அவளுக்குப் புற்று என்று அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, பொழைப்பாளுங்களா?"

"ரேடியம் வைத்தால் பிழைப்பாள். ஆனால் அப்புறம் குழந்தை தங்காது."

"உசுரு இருந்தாப் போதுமுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. வவுத்துப் புண்ணுன்னே இருக்கட்டும்."

அந்த மனுஷன் தலைப்பாகைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கே மனம் கலங்கிவிட்டது. இவ்வளவு பிரியமான புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ரேடியத்தை அளவு பிசகாமல் வைத்தேன். நான் செய்த வைத்தியங்களிலேயே சுத்தமானது அதுதான். மருதாத்தாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். அவள் ஒருத்தியைத் தவிர ஊருக்கே விஷயம் தெரிந்தது. கொல்லங்கோடு, சித்தூர், பொள்ளாச்சி என்று பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மறையூரிலிருந்துகூட வேலுத்தாய் என்பவள் உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி வந்தாள். அவளுக்கு வந்திருந்தது நிஜமான வியாதி. ஆரம்பத்திலேயே வந்ததால் பிழைத்தாள். இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறாள். அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? வார்டை மூடுகிற பேச்சும் அதோடு நின்றது.

குப்பண்ணன் மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பங்காளிகள் சும்மா இருக்கவில்லை. வள்ளியாத்தாளை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டார். அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தையை மருதாத்தாள்தான் தூளியில் ஆட்டுகிறாள் என்றார்கள். குழந்தையில்லாத குறை தீர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அவள் அப்படி நினைக்கவில்லை. அண்ணன் கந்தப்பனோடு கோயமுத்தூருக்குப் போய் ஒரு லேடி டாக்டரிடம் தனக்கு ஏன் குழந்தை நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். அந்தம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு ரேடியம் வைத்தது யார், எதற்காக என்று எனக்குப் போன் செய்தார். நான் மறைக்கவில்லை. கேட்டால் பொய் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவளுக்கு வியாதி இல்லை, தெரிந்துதான் வைத்தேன் என்று அன்று அவரிடம் சொன்னதையே இன்று உங்களிடமும் சொல்கிறேன்.

போன வாரம் மருதாத்தாள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அழவும் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே" என்றாள். "எம் புருசங்கிட்டக் கேட்டீங்க. எங்கிட்டக் கேக்கலீங்களே."

எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். உன்னால் எத்தனை பெண்கள் ஆரம்பத்திலேயே வந்தார்கள், வேலுத்தாய் எப்படிப் பிழைத்தாள், எல்லாம். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு அவள் மேல் கோபம் இல்லை, வருத்தம்தான். என் கையால் பிழைத்த முதல் ஆள் அவள். ஒரு கும்பிடுகூடப் போடாமல் போய்விட்டாள்.